கத்தரியின் தண்டு மற்றும் காய்த்துளைப்பான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தரி பயிரிடுவோர், ஏக்கர் கணக்கில் நட்டவராயினும் மாடியில் நாலு பை வைத்தவராயினும், இந்தப் பூச்சியைப் பற்றிக் கேட்பவை பெரும்பாலும் ஒரே ஐயங்கள்தாம். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை அடுத்த பதிலில் திரும்பச் சொல்லவில்லை என்பதால், முதலிலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

கத்தரிக்காயைச் சொத்தையாக்குவது எது? வண்டா, புழுவா?

புழு. அது ஓர் அந்துப்பூச்சியின் இளம்பருவம். வேளாண் துறையினர் இதைத் 'தண்டு மற்றும் காய்த்துளைப்பான்' என்கின்றனர். அறிவியலில் இதன் பெயர் லூசினோடஸ் ஆர்போனாலிஸ். இந்தியா, இலங்கை, வங்கதேசம் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை கத்தரி விளையும் இடங்களிலெல்லாம் இதுவே கத்தரியின் முதல் எதிரி.

முட்டை மூன்று முதல் ஐந்து நாளில் பொரிகிறது. புழுப்பருவம் வெயில் காலத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம், குளிர் காலத்தில் மூன்று வாரம் வரை நீளும். அதன்பின் கூட்டுப்புழுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை கிடந்து அந்துப்பூச்சியாக வெளிவருகிறது. நம் வெப்பநிலையில் ஒரு தலைமுறை சுமார் ஒரு மாதத்தில் முடிந்துவிடுவதால், ஒரு கத்தரிப் பயிரின் ஆயுளுக்குள் பல தலைமுறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி நான்கும் ஒரே நாளில் ஒரே வயலில் இருக்கும்.

நான் தினமும் தோட்டத்தில்தான் இருக்கிறேன். அந்தப் பூச்சியைப் பார்த்ததே இல்லையே?

பகலில் அது இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். நடமாட்டம், இணைசேர்தல், முட்டையிடுதல் எல்லாம் இரவில்தான். இறக்கையை விரித்தால் இரண்டு சென்டிமீட்டர் அகலமே இருக்கும் சிறிய வெள்ளைப் பூச்சி அது. முன்னிறக்கைகளில் பழுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த திட்டுகள் உண்டு. சில நாட்களே வாழ்ந்தாலும் ஒரு பெண் பூச்சி 250 முட்டைகள் வரை இடக்கூடியது. இலையின் அடிப்பக்கம், இளந்தண்டு, பூமொட்டு, காயின் காம்பை மூடியிருக்கும் பச்சைத் தொப்பி ஆகிய இடங்களில் அந்த வெளிர்வெள்ளை முட்டைகளை இடுகிறது. கண்ணுக்கு எளிதில் தட்டுப்படும் அளவல்ல அவை.

செடி முழுக்க நன்றாக இருக்கிறது, நுனி மட்டும் தலை சாய்ந்து வாடுகிறது. தண்ணீர் பற்றவில்லையா?

தண்ணீர்க் குறைவென்றால் செடி முழுவதும் துவண்டு, பாய்ச்சியதும் நிமிர்ந்துவிடும். ஒன்றிரண்டு குருத்துகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால் அது துளைப்பானின் வேலை. சந்தேகம் தீர, வாடிய குருத்தைக் கையில் எடுத்து, வாட்டம் தொடங்கும் இடத்திற்குச் சற்றுக் கீழே பாருங்கள். ஊசிமுனை அளவு துளையும் அதன் வாயில் ஈரமான புழு எச்சமும் இருக்கும். குருத்தை நகத்தால் நீளவாக்கில் பிளந்தால், சோறு போன்ற உட்பகுதி தின்னப்பட்டுக் குழாயாகியிருப்பதும், உள்ளே பழுப்புத் தலையுடன் இளஞ்சிவப்பு நிறப் புழு நெளிவதும் தெரியும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை இரண்டு. செடி முழுவதும் ஒரே நாளில் பச்சையாகவே வாடிச் சாய்ந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா வாடல் நோய். அடித்தண்டில் துளையிருந்து செடி நலிந்து வாடினால் அது வேறோர் அந்துப்பூச்சியான தண்டுத்துளைப்பான்; அதன் புழு வெண்மையாக இருக்கும். மூன்றுக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு என்பதால், மருந்துக் கடைக்குப் போகுமுன் ஒரு குருத்தைப் பிளந்து பார்ப்பதே முதல் வேலை.

காயில் ஓட்டையே இல்லை. அறுத்தால் உள்ளே புழு. எப்படிப் போயிற்று?

பிறந்த புழு நூல் போல மெல்லியது. காம்புத் தொப்பியின் அடியிலோ இளம் காயின் தோலிலோ அது நுழையும் துளை, காய் வளர வளர மூடிக்கொண்டு வடுவே இல்லாமல் போய்விடுகிறது. நாம் காயில் பார்க்கும் வட்டமான பெரிய ஓட்டை, பெரும்பாலும் முழுவளர்ச்சி அடைந்த புழு வெளியேறிய வழி. ஓட்டையுள்ள காயில் புழு இல்லாமலும், ஓட்டையற்ற காயில் புழு இருந்தும் வியப்பூட்டுவது இதனால்தான்.

வெளியேறிய புழு செடியிலிருந்து இறங்கி, அடியில் கிடக்கும் சருகிலோ மேல்மண்ணிலோ, சில சமயம் தண்டின் மீதோ சாம்பல் நிற நூற்கூடு கட்டி அதனுள் கூட்டுப்புழுவாகிறது. கூட்டின் மேல் மண்ணும் சருகுத் துணுக்கும் ஒட்டிக்கொள்வதால் அருகிலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரிவது கடினம்.

வாரம் ஒரு மருந்து அடிக்கிறேன், புழு குறையவே இல்லை. மருந்து போலியா?

போலி மருந்தும் சந்தையில் உண்டுதான். ஆனால் நல்ல மருந்தே அடித்தாலும் இப்படித்தான் ஆகும் என்பதைப் பலர் ஏற்க மறுக்கின்றனர். முட்டையிலிருந்து வந்த புழு சில மணி நேரத்திற்குள் குருத்திலோ காயிலோ புகுந்துவிடுகிறது. அந்தச் சில மணி நேரமே அது வெளியில் இருக்கும் காலம். அதன்பின் இரண்டு வாரம் அது இருப்பது காயின் சதைக்குள். தோலின் மீது படும் தெளிப்பு பெரும்பாலும் அங்கே எட்டுவதில்லை. கூட்டுப்புழு மண்ணிலும் சருகிலும், முட்டை இலையடியிலும் தப்பிக்கின்றன.

அடிக்கடி அடிப்பதால் இன்னும் இரண்டு கேடுகள் நேர்கின்றன. ஒன்று, ஒரே மருந்தைத் தொடர்ந்து தெளித்த பகுதிகளில் பூச்சி அதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிடுகிறது. மற்றொன்று, புழுவின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் டிராத்தாலா போன்ற ஒட்டுண்ணிக் குளவிகளும், சிலந்திகளும், பொறிவண்டுகளும் முதலில் மடிகின்றன. சைப்பர்மெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் திரும்பத் திரும்பத் தெளித்த வயலில் வெள்ளை ஈ பெருகுவதும் இதைச் சேர்ந்ததே. புழுவுக்கென்று தொடங்கிய தெளிப்பு, வெள்ளை ஈக்கு ஒன்று, சிலந்திப்பேனுக்கு ஒன்று என்று வளர்ந்துகொண்டே போகிறது.

மருந்தை நிறுத்திவிட்டு என்னதான் செய்வது? கையைக் கட்டிக்கொண்டு உட்காரவா?

கைகளால்தான் வேலையே. வாடிய குருத்துகளை வாரத்தில் ஒருமுறையாவது, துளைக்கு ஓர் அங்குலம் கீழே நறுக்கி எடுத்துவிட வேண்டும். புழு உள்ளே இருக்கும்போதே குருத்து வாடுவதால், அது எங்கே இருக்கிறது என்பதைச் செடியே காட்டிக்கொடுக்கிறது. அதை நறுக்கும்போது புழுவும் சேர்ந்து வயலை விட்டுப் போகிறது. நட்ட மூன்றாம் நான்காம் வாரத்திலிருந்து காய்ப்புத் தொடங்கும் வரை இதை விடாமல் செய்தால், காய்க்கு மாறக்கூடிய முதல் தலைமுறைகள் வயலிலேயே அற்றுப்போகும். நறுக்கிய இடத்திற்குக் கீழிருந்து பக்கக் கிளைகள் வருவதால் விளைச்சல் குறையும் என்று அஞ்ச வேண்டாம்.

காய்ப்பு தொடங்கியபின் ஒவ்வொரு பறிப்பின்போதும் சொத்தைக் காய்களையும் சேர்த்தே பறிக்க வேண்டும். விலை போகாதென்று செடியிலேயே விட்டுவரும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பயிரை இவ்வளவு கெடுக்கும் பழக்கம் வேறில்லை என்பேன். ஒரு புழு ஒரு காயோடு நிற்காமல் நான்கு முதல் ஆறு காய்கள் வரை துளைக்கக்கூடியது. கூலியாட்களிடம் பறிக்கும் கூடைக்கு அருகே சொத்தைக்கென்று தனியாக ஒரு சாக்கையும் கொடுத்து, நல்ல காயைப் போலவே அதையும் எடை போட்டுக் கூலி கணக்கிட்டால் வேலை ஒழுங்காக நடக்கும்.

சொத்தைக் காயை வரப்பில் கொட்டினால் காய்ந்துபோகாதா?

காய் காயும், புழு காயாது. முற்றிய புழு ஓரிரு நாளில் அதிலிருந்து வெளியேறி வரப்பு மண்ணிலேயே கூடு கட்டி, பத்து நாளில் அந்துப்பூச்சியாக அதே வயலுக்குத் திரும்பும். வரப்போரக் குவியலைக் கிளறிப் பார்த்தால், அடியிலுள்ள ஈரமான காய்களில் புழுக்கள் உயிரோடு நெளிவதைக் காணலாம். ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்கலாம். கனமான பாலித்தீன் பையில் இறுகக் கட்டிச் சில நாட்கள் கடும் வெயிலில் போட்டுவிட்டால் வெக்கையில் எல்லாம் வெந்துவிடும். மாடித்தோட்டத்திற்கு இதுவே வசதி. திறந்த உரக்குழியில் மேலாகப் போடுவது வரப்பில் கொட்டுவதற்குச் சமம்.

மாட்டுக்குப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். அண்மையில் மருந்து தெளித்த வயலாயின் போடக் கூடாது.

இனக்கவர்ச்சிப் பொறி வைத்தேன். பொறி நிறையப் பூச்சி, ஆனாலும் காய் சொத்தைதான். ஏன்?

பெண் பூச்சி ஆணை அழைக்க வெளிவிடும் மணத்தைச் செயற்கையாகச் செய்து ஒரு சிறு குப்பியில் அடைத்து வைப்பதே இந்தப் பொறி. அதில் விழுபவை ஆண் பூச்சிகள் மட்டுமே. முட்டையிடும் பெண் விழுவதில்லை. பல ஆண்கள் பிடிபட்டபின்னும் மிச்சமுள்ள ஆண்கள் பல பெண்களுடன் சேரக்கூடும் என்பதால், ஏக்கருக்கு ஐந்து பொறி வைப்பது பூச்சியின் வரவை அறிந்துகொள்ளப் போதுமே தவிர, பூச்சியை ஒழிக்கப் போதாது. ஒழிக்கும் நோக்கமென்றால் பத்து மீட்டருக்கு ஒன்று என்ற நெருக்கத்தில், ஏக்கருக்கு நாற்பது வரை, நட்ட சில வாரங்களிலேயே வைத்துவிட வேண்டும். வங்கதேச வயல்களில் குருத்து நறுக்குவதுடன் சேர்த்து இப்படிச் செய்தபோதே பலன் தெரிந்தது.

பொறியின் உயரத்தையும் கவனியுங்கள். பயிரின் மேல்மட்டத்தை ஒட்டி அது இருக்க வேண்டும். செடி வளர வளரக் கம்பில் ஏற்றிக் கட்ட வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்தில் குப்பியை மாற்ற வேண்டும். வாங்கும்போது கத்தரித் துளைப்பானுக்குரிய குப்பிதானா என்று கேட்டு வாங்குங்கள்; தக்காளிக் காய்ப்புழுவுக்கான குப்பியைக் கத்தரியில் தொங்கவிட்டால் வேறு பூச்சிதான் விழும்.

மஞ்சள் அட்டை போதாதா?

மஞ்சள் ஒட்டும் அட்டை வெள்ளை ஈ, அசுவினி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கானது. இந்த அந்துப்பூச்சி அதைத் தேடி வருவதில்லை. விளக்குப் பொறியில் இது ஓரளவு விழலாம். ஆனால் அதில் நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்து விழுவதால், இந்த ஒரு பூச்சிக்காக அதை நான் பரிந்துரைப்பதில்லை.

பஞ்சகவ்யம், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், வேப்பங்கொட்டைக் கரைசல் இதில் எது புழுவைக் கொல்லும்?

காய்க்குள் போன புழுவை மூன்றுமே கொல்லாது. மருந்து எட்டாத இடத்திற்குக் கரைசலும் எட்டாது. பஞ்சகவ்யம் பயிர் வளர்ச்சிக்கு உதவுவது. அதைப் பூச்சிமருந்தாக எண்ணக் கூடாது.

வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு மட்டும் உறுதியான ஓர் இடம் இருக்கிறது. முட்டையிட வரும் பூச்சியை அது விலக்குகிறது. பொரித்த புழு தின்னத் தயங்குகிறது. எனவே புழு வருமுன் அடித்தால் பயன், வந்தபின் அடித்தால் வீண். 5 சதவீதக் கரைசலுக்கு, 500 கிராம் வேப்பம் பருப்பை இடித்து இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டிப் பத்து லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். கடும் வெயிலில் அதன் வீரியம் குறைந்துவிடுவதால் மாலையில், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளிப்பது முக்கியம். ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த பூஞ்சணம் பிடித்த கொட்டையில் பயனிருக்காது.

எல்லாம் செய்தும் கட்டுப்படவில்லை. மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் எதை அடிப்பது?

எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. (நீரில் கரையும் குருணை) பத்து லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம், குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. (திரவம்) பத்து லிட்டருக்கு 4 மில்லி ஆகியவை கத்தரியில் இந்தப் புழுவுக்கு அனுமதிக்கப்பட்டவை. இரண்டும் வெவ்வேறு வகை; மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம், ஒரே டேங்கில் கலக்கக் கூடாது. பொறியில் பூச்சி திடீரென அதிகரித்த அடுத்த சில நாட்களே தெளிப்புக்கு உரிய காலம்; முட்டைகள் பொரிவது அப்போதுதான்.

பெரும்பாலோர் கவனிக்காதது காத்திருப்புக் காலம். எமாமெக்டினுக்குப்பின் மூன்று நாள் கழித்துப் பறிக்கலாம். குளோரான்ட்ரனிலிப்ரோலுக்கோ லேபிளில் 22 நாள் என்றிருக்கிறது. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பறிக்கும் கத்தரியில் 22 நாள் பறிக்காமல் இருக்க எவராலும் முடியாது. ஆகவே அதைப் பூப்பதற்கு முன்னரே, குருத்துத் தாக்குதலுக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டு, காய்ப்பு தொடங்கியபின் தொடாமல் இருப்பதே நேர்மை. மாலை தெளித்துவிட்டு மறுநாள் விடியற்காலை பறித்து மண்டிக்கு அனுப்பும் வழக்கத்தை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. அந்தக் காயை ஏதோ ஒரு வீட்டில் குழந்தைக்குச் சமைக்கிறார்கள்.

புழு வராத ரகம் எது? சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரிக்கு வராதாமே?

முழுவதும் எதிர்த்து நிற்கும் நாட்டு ரகமோ வீரிய ஒட்டு ரகமோ இல்லை. நீண்டு மெலிந்த காயுள்ள ரகங்களில் தாக்குதல் சற்றுக் குறைவாகவும், உருண்டு சதைப்பற்றுள்ள ரகங்களில் கூடுதலாகவும் இருப்பது பொதுவான போக்கு. அதற்காக 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்தரி போன்ற ரகத்தை, அதன் சுவைக்காகவே சந்தை உள்ள ஊரில், கைவிடச் சொல்ல மாட்டேன். அங்கே குருத்து நறுக்குவதில் கூடுதல் கவனம் வேண்டும்.

சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டிய கத்தரி, வாடல் நோயையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் தாங்கும். நூற்புழு என்ற சொல்லைக் கேட்டு இதைக் காய்ப்புழு என்று எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தவர்கள் உண்டு. வேர்தான் சுண்டை, மேலே இருப்பது அதே கத்தரி. துளைப்பான் அதற்கும் வரும்.

மாடியில் நாலே பை. சுற்றிலும் வயலே கிடையாது. எனக்கு எப்படி வந்தது?

நர்சரியில் வாங்கிய நாற்றோடு வந்திருக்கலாம். சந்தையில் வாங்கிய சொத்தைக் காயைத் தொட்டிக்கு உரமாகப் போட்டதில் வந்திருக்கலாம். மணத்தக்காளி போன்ற அதே குடும்பச் செடிகளிலும் இது தங்கக்கூடியது.

ஆனால் நாலு பை என்பது பெரிய வசதி. பூச்சி நுழைய முடியாத நைலான் வலையைக் கம்புகள் மீது போர்த்தி, அடியை மண்ணோடு செருகிவிட்டால் முட்டையிட வழியில்லை. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது. வலைக்குள் இருக்கும்போது காலை நேரத்தில் பூத்த கிளைகளை மெல்லத் தட்டிவிட்டால் போதும். ஏற்கனவே புழு உள்ள செடியை மூடினால் பூச்சி உள்ளேயே பெருகும் என்பதால், நறுக்க வேண்டியவற்றை நறுக்கி, தொட்டியின் மேல்மண்ணைக் கிளறிவிட்டபின் மூடுங்கள்.

பழைய பயிரை அடியோடு பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டேன். நட்ட ஒரே மாதத்தில் குருத்து வாடுகிறது. இது எங்கிருந்து?

பிடுங்கிய செடிகளை என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அடுப்புக்கு ஆகுமென்று காய்ந்த கத்தரி மாரை (செடித் தண்டுகளை) வயலோரத்திலோ வீட்டருகிலோ அடுக்கிவைப்பது நம் ஊர்களில் வழக்கம். அந்த மாரிலும் அதில் ஒட்டிய சருகிலும் கூட்டுப்புழுக்கள் இருக்கும். பக்கத்தில் இளநாற்று நட்டதும் வெளிவரும் பூச்சிகளுக்கு அதுவே முதல் இடம். பிடுங்கிய செடியை உடனே அப்புறப்படுத்துங்கள். விறகாக வைத்தே ஆகவேண்டுமென்றால் சில வாரங்களுக்கு வலையால் மூடி வையுங்கள்.

அதே நிலத்தில் கத்தரிக்குப்பின் கத்தரி நடுவதையும், பழைய செடியை வெட்டிவிட்டு மறுதாம்பு விடுவதையும் தவிர்க்க வேண்டும். இடையில் வெண்டை, கீரை, சோளம், பயறு என்று வேறு குடும்பப் பயிர் வரட்டும். நாற்றங்கால் பழைய கத்தரி வயலுக்குத் தொலைவில், வலைக்குள் இருப்பது நல்லது.

புழு இருந்தால் அது மருந்து அடிக்காத காய், நம்பி வாங்கலாம் என்கிறார்களே?

இது தவறான நம்பிக்கை. வாராவாரம் தெளிக்கும் வயலிலும் புழு ஏன் மிஞ்சுகிறது என்பதற்கான காரணம் மேலே வந்திருக்கிறது. ஆகவே சொத்தைக் காயில் மருந்தும் சேர்ந்தே இருக்கலாம். அதேபோல் பளபளவென்றிருக்கும் காயெல்லாம் மருந்தில் குளித்தது என்பதும் சரியல்ல. ஒழுங்காக நறுக்கிப் பொறுக்கிய வயலிலிருந்தும் நல்ல காய் வரும். காயைப் பார்த்து மருந்தைக் கண்டுபிடிக்க முடியாது. விளைவித்தவரை அறிந்து வாங்குவதே வழி. சமைக்குமுன் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவினால் மேற்பரப்பில் உள்ளது ஓரளவு குறையும். சொத்தைப் பகுதியை நன்றாக நீக்கிவிட்டு மீதியைச் சமைப்பதால் புழுவினால் கெடுதல் இல்லை. அழுகல் பரவியிருந்தால் மட்டும் எறிந்துவிடுங்கள்.

பி.டி. கத்தரி வந்தால் இந்தத் தொல்லையே இருக்காதாமே? ஏன் நமக்குத் தரவில்லை?

பி.டி. கத்தரியில், மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாகப் பி.டி.) என்ற பாக்டீரியத்திலிருந்து எடுத்த மரபணு சேர்க்கப்பட்டுள்ளது. அது உருவாக்கும் புரதம் செடியின் உள்ளேயே இருப்பதால், தெளிப்பு எட்டாத இடத்தில் தின்னும் புழுவையும் கொல்கிறது. இந்தியாவில் மஹிகோ நிறுவனம் உருவாக்கிய இதற்கு, மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2009 அக்டோபரில் இசைவளித்தது. நாடெங்கும் கருத்துக்கேட்புக் கூட்டங்களை நடத்தியபின், அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்திவைத்தார். வங்கதேசம் 2013இல் அனுமதித்து, 2014 முதல் விவசாயிகளுக்கு நாற்று வழங்கியது.

துளைப்பானுக்கு எதிராக அது வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. வங்கதேசத்தில் இந்தப் புழுவுக்கான தெளிப்பு குறைந்திருக்கிறது. விதை யார் கையில் இருக்கும், கத்தரியின் நாட்டு வகைகள் செறிந்த நாட்டில் மரபணு அவற்றோடு கலந்தால் என்னாகும், புழு நாளடைவில் அதற்கும் பழகிவிடாதா என்ற கேள்விகளுக்கு உரிய இடமும் வேண்டும். எப்படியாயினும் வெள்ளை ஈ, தத்துப்பூச்சி, சிலந்திப்பேன் எவற்றையும் அது தடுக்காது. கடையில் பொடியாகக் கிடைக்கும் பி.டி. தெளிப்பு வேறு, அது அந்தப் பாக்டீரியத்தையே தெளிப்பது, புழு வெளியில் இருக்கும் சில மணி நேரத்தில் தின்றால்தான் பலிக்கும்.

நான் எல்லாம் செய்கிறேன், பக்கத்து வயல்காரர் எதுவும் செய்வதில்லை. என் உழைப்பு வீண்தானே?

வீணில்லை, ஆனால் பாதிதான். அவருடைய வயலில் பிறக்கும் பூச்சி உங்கள் வயலுக்கும் வரும். அந்தப் பக்கத்து எல்லையில் இரண்டு மீட்டர் உயரத்திற்கு நைலான் வலை கட்டுவதும், பொறிகளை அங்கே நெருக்கமாக வைப்பதும் வரத்தைக் குறைக்கும். அவரிடம் வாதாடிப் பயனில்லை. அவருடைய வரப்பிலுள்ள சொத்தைக் குவியலை உங்கள் குழியில் சேர்த்துப் புதைக்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார். ஒரே வாய்க்காலில் பாயும் நாலைந்து பேர் வாரத்தில் ஒரே நாளைக் குருத்து நறுக்கும் நாளாக வைத்துக்கொண்டால், அடுத்த இரண்டு மாதத்தில் பொறிகளில் விழும் பூச்சியின் எண்ணிக்கையை வைத்தே அதன் பலனைப் பார்த்துக்கொள்ளலாம்.